பதிவேடு யார் கையில்? கொம்பனித்தெருவிலிருந்து திருச்சபைத் தலைமைத்துவம் பற்றிச் சில கேள்விகள்

கொம்பனித்தெரு என்ற பெயரில் உள்ள 'கொம்பனி' ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியைக் குறிக்கிறது என்பதே பரவலான விளக்கம். அந்தக் கம்பனி தன் அடிமைகளை இரவில் கொண்டுவந்து அடைத்த இடம் இது. அதனால்தான் ஆங்கிலத்தில் அண்மைக்காலம் வரை 'ஸ்லேவ் ஐலண்ட்' என்ற பெயர் நிலைத்திருந்தது. இதே கம்பனிதான் 1658 இல், கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் கொடுப்பவர்களுக்கு மரண தண்டனை என்றும் அறிவித்தது. அடிமைகளை அடைத்ததும் குருமாரைத் துரத்தியதும் ஒரே கை. குருமார் இல்லாமற்போன அந்தக் காலத்தில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் என்ன செய்தார்கள் என்ற கதை, இன்றைய 'தலைமைத்துவம்' பற்றிய பேச்சுக்கு மிகவும் தேவையானது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இன்றைய கொம்பனித்தெருவில் கோவில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. மலாயர், முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் என்று ஒரே ஒழுங்கையில் நான்கு மொழி கேட்ட இடம். அந்த ஒழுங்கைகளின் மேல் இப்போது கண்ணாடிக் கோபுரங்கள் எழுந்து நிற்கின்றன. 2010 மே மாதம் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டதை அங்குள்ளவர்கள் இன்னும் மறக்கவில்லை. அதன்பின் கொழும்பின் 'வசதி குறைந்த குடியிருப்புகள்' என்று அடையாளமிடப்பட்ட 70,000 அளவிலான குடும்பங்களை அடுக்குமாடிகளுக்கு நகர்த்தும் திட்டம் வந்தது. குடும்பங்கள் தெமட்டகொடைக்கும் வேறு இடங்களுக்கும் போகும்போது ஒரு பங்கு அல்லது சபை என்பதும் கலைந்து போகிறது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறித் திரும்பி வருபவர்கள் கொஞ்சக் காலம் வருவார்கள். பிறகு பெருநாளுக்கு மட்டும் வருவார்கள்.

இதே நகரத்துக்குத்தான் யுத்த காலத்தில் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் எங்கள் சனம் வந்தது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, கொம்பனித்தெரு என்று அறைகளிலும் லொட்ஜ்களிலும் தங்கியது. 2007 ஜூன் 7 அதிகாலையில் கொழும்பு லொட்ஜ்களில் இருந்த தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கு அனுப்பப்பட்டதும், மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்ததும் இந்தத் தலைமுறைக்கு நினைவிருக்கும். அந்த நாட்களில் போக்கிடம் இல்லாதவர்களுக்குத் தேவாலயங்கள் ஒதுங்குமிடமாக இருந்தன. அந்த நன்றி எவருக்கும் குறையக்கூடாது. ஆனால் ஒதுங்க வந்தவர்கள் பதினைந்து, இருபது வருடங்களாகியும் ஒதுங்க வந்தவர்களாகவே இருக்கிறார்களா, அல்லது அந்தச் சபையின் கூட்டத்தில் தீர்மானம் எடுக்கும் மேசையில் அவர்களுக்கு ஒரு கதிரை கிடைத்திருக்கிறதா என்பதே எனது கேள்வி.

இந்தக் கேள்வியை இப்போது கேட்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று ரோமிலிருந்து வந்தது. 2021 இல் தொடங்கிய ஆயர் மாமன்றச் செயன்முறை 2024 ஒக்டோபர் 26 அன்று தன் இறுதி ஆவணத்தை நிறைவேற்றியது. அந்த மாமன்ற அமர்வுகளில்தான் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தார்கள். பங்கு மட்டத்திலான ஆலோசனைச் சபைகள் கட்டாயமாக்கப்பட வேண்டும், கணக்குகள் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும், திருச்சபைச் சட்டம் ஏற்கெனவே அனுமதிக்கும் தலைமைப் பொறுப்புகளைப் பெண்களுக்கு மறுக்க எந்தக் காரணமும் இல்லை என்று அந்த ஆவணம் சொல்கிறது. பாப்பரசர் பிரான்சிஸ் 2025 ஏப்ரலில் காலமாகி, பதினான்காம் லியோ பதவிக்கு வந்த பிறகும் இதன் நடைமுறைக் கட்டம் 2028 வரை தொடர்கிறது.

மற்றது கன்ரபரியிலிருந்து வந்தது. 2025 ஒக்டோபரில் சாரா முலல்லி கன்ரபரிப் பேராயராகப் பெயரிடப்பட்டார். அந்தப் பதவிக்கு ஒரு பெண் வருவது இதுவே முதன்முறை. இலங்கைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கொழும்பு, குருநாகல் ஆகிய இரண்டு அங்கிலிக்கன் மறைமாவட்டங்களும் தனி மாகாணமாக இல்லாமல் கன்ரபரிப் பேராயரின் மேற்பார்வையிலேயே இருக்கின்றன. ஆகவே கொழும்பின் அங்கிலிக்கன் தமிழ்ச் சபையொன்றில் ஞாயிறு ஆராதனைக்குப் பின் தேநீர் ஊற்றும் பெண்ணும், அதே சபையின் உச்சப் பதவியில் இருப்பவரும் இப்போது பெண்கள். இடையில் உள்ள படிகளில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்பதை அந்தந்தச் சபையார் எண்ணிப் பார்க்கட்டும்.

இந்தச் செய்திகள் எல்லாம் கொம்பனித்தெருவுக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் 'தலைமைத்துவப் பயிற்சி' என்ற உருவில்தான் வருகின்றன. இந்தப் பயிற்சிகளை அறியாதவர் எங்களில் குறைவு. 2009 க்குப் பிறகு வன்னியில் வீடு வருமுன் பயிற்சி வந்தது. பெரிய தாள், வண்ணப் பேனை, குழுவாகப் பிரிந்து கலந்துரையாடல், மதியச் சாப்பாடு, சான்றிதழ், குழுப்படம். பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கு ஒரு செயலமர்வு, இளையோருக்கு ஒரு செயலமர்வு. சபைகளும் இதே முறையைக் கையில் எடுத்தன. பயிற்சியில் கெட்டது எதுவும் இல்லை. ஆனால் பயிற்சி முடிந்து வருகிற பிள்ளைக்குச் சபையில் கிடைக்கும் வேலை என்னவென்று பாருங்கள். கதிரை அடுக்குவது, ஒலிபெருக்கி கட்டுவது, பெருநாளுக்குக் கொடி கட்டுவது. பெண்களுக்கு என்றால் பூ வைப்பது, சமைப்பது, நோயாளிகளைப் பார்க்கப் போவது. கட்டட நிதியை எதற்குச் செலவழிப்பது, மண்டபத்தை யாருக்குக் கொடுப்பது, எந்த நாளில் யாருக்காக மணி அடிப்பது என்பவை எல்லாம் வேறெங்கோ தீர்மானமாகிவிடும்.

எங்கே தீர்மானமாகிறது என்பது சபைக்குச் சபை வேறுபடும். கத்தோலிக்கப் பங்குகளில் நிதிச் சபை ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தின் 537 ஆம் இலக்கம் சொல்கிறது. மேய்ப்புப் பணிச் சபை பற்றி 536 ஆம் இலக்கம் பேசுகிறது. ஆனால் அந்தச் சபைக்கு இருப்பது ஆலோசனை வாக்கு மட்டுமே. பங்குத்தந்தை கேட்கலாம், கேட்காமலும் விடலாம். நல்ல குருவானவர் வந்தால் சபை உயிர்பெறும். அவர் மாற்றலாகிப் போனதும் அடுத்தவர் முதலிலிருந்து தொடங்குவார், அல்லது தொடங்கமாட்டார். இதைக் குருவானவர்களின் குணம் சம்பந்தப்பட்ட பிரச்சினை என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒரு சமூகத்தின் தலைமைத்துவம் ஆறு வருடத்துக்கு ஒருமுறை இன்னொருவரின் நல்ல மனதில் தங்கி நிற்பதாக அமைப்பே இருந்தால், அங்கு எவ்வளவு பயிற்சி கொடுத்தும் அது நிலைக்காது. மாமன்ற ஆவணம் 'கட்டாயம்' என்ற சொல்லைப் பயன்படுத்தியது இதனால்தான்.

அங்கிலிக்கன் சபைகளில் மக்கள் தெரிவு செய்யும் வார்டன் ஒருவர் உண்டு. மெதடிஸ்த சபையிடம் இதைவிடப் பழைய, இதைவிட எளிய ஒரு முறை இருந்தது. 1742 இல் இங்கிலாந்தின் பிறிஸ்டல் நகரில் ஜோன் வெஸ்லியின் ஆட்கள் சபைக்கடனை அடைக்க வழி தேடியபோது, பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்று பொறுப்புக் கொடுத்தார்கள். அவர் வாரத்துக்கு ஒருமுறை போய் ஒரு பென்னி வாங்க வேண்டும். காசு வாங்கப் போனவர் வீட்டில் யாருக்கு நோய், யாருக்கு வேலை இல்லை, எங்கே சண்டை என்பதையும் அறிந்து வந்தார். அதுவே 'வகுப்பு' ஆனது. வகுப்புத் தலைவர்கள் குருத்துவ அபிஷேகம் பெறாதவர்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள். 1814 ஜூன் 29 இல் காலியில் வந்திறங்கிய மெதடிஸ்த மிஷனரிமார் கொண்டுவந்த முறைகளில் இதுவும் ஒன்று. தலைவர் என்றால் மேடையில் நிற்பவர் என்ற எண்ணத்துக்கு இதைவிட நல்ல மாற்று எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு வீட்டின் நிலையை வாரந்தோறும் அறிந்து வைத்திருப்பவரே அங்கு தலைவர்.

இனி ஒல்லாந்தர் காலத்துக்கு வருவோம். குருமார் துரத்தப்பட்டு ஏறத்தாழ முப்பது வருடங்கள் கழித்து, 1687 இல் கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தார். குரு ஒருவரையும் காணாத அந்த நீண்ட காலத்திலும் மறைவில் செபம் நடந்துகொண்டிருந்த கிராமங்கள் அவருக்காகக் காத்திருந்தன. அவர் செய்த முக்கியமான காரியம், அந்தக் கிராமங்களில் இருந்த பொறுப்புகளை ஒழுங்குபடுத்தியது. ஊர்க் காரியங்களையும் கோயில் சொத்தையும் பார்க்க ஒரு மூப்பர். செபம் சொல்லிக் கொடுக்கவும், அவசரத்தில் ஞானஸ்நானம் கொடுக்கவும், சாகக் கிடப்பவரின் பக்கத்தில் இருக்கவும் ஓர் அண்ணாவியார். குரு வருடத்துக்கு ஒருமுறை வந்தால் அதிசயம். மிச்ச நாட்கள் இவர்கள் கையில். 1705 இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் இத்தனை நூல்களை எழுதியதற்கு ஒரு காரணம், குரு இல்லாத ஞாயிறுகளில் அண்ணாவியார் வாசிப்பதற்கு ஏதாவது வேண்டும் என்பதே.

மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரையோரங்களிலும் மூப்பர், சங்கிலித்தார் என்ற சொற்கள் இன்றும் வாழ்கின்றன. இந்த மரபை நாம் தூக்கிப் பிடிக்கும்போது அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மூப்பர் பொறுப்பு பல ஊர்களில் குடும்பச் சொத்தானது. எந்தச் சாதியார் எந்தப் பெருநாளை எடுப்பது, யார் எந்தப் பக்கம் இருப்பது என்ற பிணக்குகள் கோயில் வாசலிலேயே நடந்தன. பெண் அண்ணாவியார் என்று ஒருவரைப் பற்றி நான் கேள்விப்பட்டதில்லை. பொதுநிலையினர் கைக்கு அதிகாரம் வந்தால் எல்லாம் நீதியாகிவிடும் என்று நம்புவதற்கு எங்கள் வரலாறு இடம் தரவில்லை. ஆனால் ஒன்றை அது உறுதியாகக் காட்டுகிறது. இந்தச் சமூகத்தைத் தலைமை தாங்கத் தெரியாத சமூகம் என்று எவரும் சொல்ல முடியாது. யோசேப் வாஸ் 2015 ஜனவரி 14 அன்று கொம்பனித்தெருவுக்குப் பக்கத்தில் உள்ள காலிமுகத்திடலில் வைத்துப் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் வருமுன் முப்பது வருடம் செபத்தை அணையாமல் காத்தவர்களுக்கு நாங்கள் ஒரு பெயர்கூட வைத்திருக்கவில்லை.

யுத்தம் இதே நிலைமையை இன்னொரு முறை உருவாக்கியது. குருமார் கொல்லப்பட்டார்கள், காணாமல் ஆக்கப்பட்டார்கள். 1984 டிசம்பரில் மெதடிஸ்த போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம், 1985 ஜனவரியில் வங்காலையில் மேரி பஸ்ரியன் அடிகளார், 1988 இல் மட்டக்களப்பில் சந்திரா பெர்னாண்டோ அடிகளார், 2007 செப்டெம்பரில் பாக்கியரஞ்சித் அடிகளார், 2008 ஏப்ரலில் கருணாரட்ணம் அடிகளார். 2009 மே 18 இல் வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு பஸ்ஸில் ஏறிய பிரான்சிஸ் யோசப் அடிகளார் பற்றி இன்றுவரை பதில் இல்லை. 2006 ஓகஸ்ட் 20 அன்று அல்லைப்பிட்டியில் ஜிம் பிறவுண் அடிகளார் காணாமல் ஆக்கப்பட்டார் என்று எல்லோரும் சொல்வோம். அன்று அவரோடு போன பொதுநிலையினர் ஒருவரும் திரும்பவில்லை. இந்தக் கட்டுரையும் அவரை 'ஒருவர்' என்றே எழுதிவிட்டுக் கடந்து போகிறது. குருமாரின் பெயரை நினைவில் வைத்திருக்கப் பழகிய எங்கள் மனம் அப்படித்தான் இயங்குகிறது.

அந்த வருடங்களில் தலைமைத்துவம் எப்படி இருந்தது என்பதற்கு ஓர் எண் சாட்சி. 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசப், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். இந்த எண்ணை நாங்கள் பலமுறை சொல்லியிருக்கிறோம். அது எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்ததாகக் கச்சேரிப் பதிவுகள் சொன்ன தொகை 4,29,059. யுத்தம் முடிந்தபின் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்ததாகக் கணக்கிடப்பட்டது 2,82,380. கழித்தால் வருவது அந்த எண். ஆயர் துணிந்து சொன்னார், அது அவருடைய தலைமைத்துவம். ஆனால் அதற்கு முன்னால் கிராம அலுவலர்களும் கச்சேரி எழுதுநர்களும் ஷெல் விழுந்துகொண்டிருந்த ஊர்களில் ஒவ்வொரு இடப்பெயர்வுக்குப் பிறகும் ஆட்களை எண்ணியிருக்கிறார்கள். எண்ணி எழுதி வைத்தவர்கள் இல்லாவிட்டால் ஆயரின் கையில் கேள்வி இருந்திருக்கும், கணக்கு இருந்திருக்காது.

யுத்தம் முடிந்தபின் எண்ணி எழுதும் வேலையைக் கையில் எடுத்தவர்கள் தாய்மார். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளது தொடர் போராட்டம் வேறு மாவட்டங்களுக்கும் பரவியது. புகைப்படங்களைச் சேர்த்தார்கள், பட்டியல் எழுதினார்கள், ஜெனீவா வரை போனார்கள், ஜனாதிபதியின் முகத்துக்கு நேரே கேள்வி கேட்டார்கள். அவர்களில் சைவர்களும் உண்டு, கிறிஸ்தவர்களும் உண்டு. பதில் கிடைக்காமலேயே பலர் இறந்தும் போனார்கள். இந்த அம்மாமார் எந்தச் செயலமர்வுக்கும் போய்த் தலைமைத்துவம் கற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் தங்கள் பங்குக் கோயிலுக்குப் போகும்போது எந்த வாங்கில் இருக்கிறார்கள்? பங்குச் சபைக்கு அவர்களில் யாரையாவது எவராவது முன்மொழிந்தாரா? போராட்டப் பந்தலுக்குக் குருவானவர்கள் வந்து செபித்துப் போவது நல்லது, அதற்கு ஆறுதல் இருக்கிறது. அந்தப் பந்தலில் இருப்பவர் குருவானவரின் மேசைக்கு எதிரே உள்ள கதிரைக்கு வருவது வேறு.

இளம் பெண்களுக்கு என்ன பதில் கிடைக்கும் என்பதை 2016 செப்டெம்பரில் உடுவிலில் பார்த்தோம். 1824 இல் அமெரிக்க மிஷன் தொடங்கிய மகளிர் கல்லூரி அது. தங்கள் அதிபரின் பதவி நீடிக்கப்பட வேண்டும் என்று மாணவிகள் வளாகத்துக்குள் இருந்து போராடினார்கள். அந்த அதிபர் விடயத்தில் நிர்வாகத்தின் பக்கம் சட்ட நியாயம் இருந்ததா என்று வாதிடலாம். ஆனால் மாணவிகள் சிலர் தாக்கப்பட்டதாக எழுந்த குற்றச்சாட்டு நாடெங்கும் செய்தியானபோது, இருநூறு வருடங்களாகப் பெண்களுக்குப் படிப்புக் கொடுத்த ஒரு திருச்சபைப் பாரம்பரியத்துக்கு, படித்த பெண் கேள்வி கேட்டால் என்ன செய்வது என்று தெரியாமற்போனது வெளிச்சமாயிற்று. இலங்கை அங்கிலிக்கன் திருச்சபை 2006 இல் பெண்களைக் குருக்களாக அபிஷேகம் செய்தது. அது பெரிய படி. ஆனால் பலிபீடத்தில் ஒரு பெண் நிற்பதை ஏற்றுக்கொண்ட சபையார், கணக்குக் கூட்டத்தில் எழுந்து நிற்கும் பெண்ணை ஏற்றுக்கொள்ள இன்னும் நேரம் எடுக்கிறார்கள்.

கொழும்பில் யுத்தத்தால் பாதிக்கப்பட்ட பலரைச் சுயாதீன சபைகளும் வீட்டு ஜெபக் கூட்டங்களும் ஈர்த்ததற்கு இங்கேதான் காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். பணமும் பொதியும்தான் காரணம் என்று சொல்பவர்கள் விடயத்தை மலினப்படுத்துகிறார்கள். அங்கு போன முதல் வாரமே மைக் கையில் வருகிறது. 'சாட்சி சொல்லுங்கள் சிஸ்ரர்' என்கிறார்கள். பதினைந்து வருடமாக எவரும் கேட்காத கதையை அவர் எழுந்து நின்று சொல்கிறார், மற்றவர்கள் அழுகிறார்கள். இது சிறிய விடயம் அல்ல. ஆனால் அந்தச் சாட்சிக்கும் ஒரு வடிவம் இருக்கிறது. துன்பம், ஜெபம், வெற்றி. மகன் இன்னும் வரவில்லை, நான் இன்னும் கோபமாக இருக்கிறேன் என்று முடியும் சாட்சிக்கு அங்கும் இடம் குறைவு. பல சபைகளில் தலைமை பாஸ்டரிடமிருந்து அவருடைய மகனுக்கோ மருமகனுக்கோ போகிறது. குரல் கொடுக்கிறார்கள், சாவியைக் கொடுப்பதில்லை.

இந்தச் சபைகளில் ஒன்றின் வாசலில்தான் தலைமைத்துவத்தின் வேறொரு உருவத்தையும் கண்டோம். 2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துக்கு வந்த தற்கொலைக் குண்டுதாரியைச் சந்தேகித்து வாசலில் மறித்தவர் ஒரு சாதாரண சபை அங்கத்தவர். குண்டு வெளியிலேயே வெடித்தது. அவரும், ஞாயிறு பள்ளி முடிந்து முற்றத்தில் நின்ற பிள்ளைகள் பலரும் இறந்தார்கள். உள்ளே இருந்த நூற்றுக்கணக்கானோர் தப்பினார்கள். அவருக்கு அந்த அதிகாரத்தை எவரும் எழுத்தில் கொடுத்திருக்கவில்லை.

உயிர்த்த ஞாயிறு பற்றிப் பேசினால் தமிழ் வாசகர்களின் மனதில் உள்ள இன்னொரு விடயத்தைப் பேசாமல் விட முடியாது. கர்தினால் மல்கம் ரஞ்சித் 2022 மார்ச் 7 அன்று ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்கு நீதி கேட்டார். அது நியாயமான கோரிக்கை. கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் இறந்தவர்களில் எங்கள் உறவுகளும் உண்டு. ஆனால் பத்து வருடங்களுக்கு முன், 2012 இல், அதே பேரவையில் யுத்தத்தின் கடைசிக் கட்டம் பற்றிய தீர்மானம் வந்தபோது அதே கர்தினால் அதை வெளித்தலையீடு என்று எதிர்த்தார். அதே நேரத்தில் மன்னார் ஆயரும் சுமார் முப்பது வடக்குக் குருமாரும் நீதி கேட்டு அதே பேரவைக்குக் கடிதம் எழுதினார்கள். ஒரே திருச்சபை, ஒரே பேரவை, எதிரெதிரான இரண்டு நிலைப்பாடுகள். 1995 ஜூலை 9 இல் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மீது குண்டு விழுந்தது. அதற்குச் சர்வதேச விசாரணை கேட்டு கொழும்பில் மணி அடித்ததாக எனக்கு நினைவில்லை.

இதைத் தனிமனித விமர்சனமாக நிறுத்திவிட்டால் பயன் இல்லை. கொழும்பு உயர்மறைமாவட்டத்தில் தமிழ்ப் பங்குமக்கள் இருக்கிறார்கள், யுத்தத்தில் பிள்ளைகளை இழந்தவர்களும் இருக்கிறார்கள். 2012 இல் அந்த நிலைப்பாடு எடுக்கப்படுமுன் அவர்களிடம் எவரும் கேட்கவில்லை, ஏனென்றால் கேட்பதற்கு ஓர் இடமே அமைப்பில் இல்லை. ஆலோசனைச் சபை கட்டாயமாகும் என்றால், அதில் யுத்தத்தால் பாதிக்கப்பட்டவர் ஒருவர் இருப்பார் என்றால், அடுத்தமுறை ஆயர்களுக்கு அவ்வளவு இலகுவாக இருக்காது. அதிகாரமளித்தல் என்ற சொல்லுக்கு நான் கொடுக்கக்கூடிய பொருள் இவ்வளவுதான். மேலே இருப்பவருக்குக் கொஞ்சம் இடைஞ்சலாக இருக்க வேண்டும்.

கொம்பனித்தெருவிலிருந்து கால்நடையாகப் போகும் தூரத்தில், 2022 மே 18 அன்று காலிமுகத்திடலில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடந்தது. அங்கே கஞ்சி பரிமாறப்பட்டது. சிங்கள இளைஞர்களும் பௌத்த பிக்குமாரும் கிறிஸ்தவக் குருமாரும் அருட்சகோதரிகளும் நின்றார்கள். ஜீவந்த பீரிஸ் அடிகளார் போன்றவர்கள் அந்தப் போராட்டக் களத்தில் முன்னணியில் நின்றதும் பதிவில் உள்ளது. அரசியல் கைதிகளின் விடுதலைக்காக அருட்தந்தை மா. சத்திவேல் விடாமல் அறிக்கை விடுவதையும் இந்த வாசகர்கள் அறிவார்கள். இப்படியான குருமார் இருக்கிறார்கள் என்பது எங்கள் பலம். ஆனால் திடலில் நடந்ததைத் தேவாலயத்துக்குள் நடத்துவதற்கு யார் அனுமதி கேட்பது, யார் கொடுப்பது? மே 18 இல் தமிழ்ப் பூசையின் மன்றாட்டில் முள்ளிவாய்க்கால் என்ற சொல்லைச் சொல்லலாமா, 'யுத்தத்தில் இறந்த அனைவரும்' என்று சொல்லிக் கடப்பதா? பொலிஸ் வரும், மற்ற மொழிப் பூசைக்காரர் என்ன நினைப்பார்கள், இப்போது எதற்கு என்ற பயங்கள் பொய்யானவை அல்ல. கொழும்பில் நினைவேந்தலுக்கு வந்தவர்களைச் சிங்கள இனவாதக் குழுக்கள் வழிமறித்ததைப் பார்த்திருக்கிறோம். அந்த அபாயத்தை எடுப்பதா விடுவதா என்பதை அந்தச் சபையாரே கூடித் தீர்மானிக்கட்டும். வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் அது அவர்கள் கூடி எடுத்த முடிவாக இருக்கும்.

இன்னும் சிறிய, எந்தப் பொலிஸும் வராத ஒரு விடயத்திலிருந்தும் தொடங்கலாம். நவம்பர் 2 சகல ஆத்துமாக்களின் நாள். ஒக்டோபர் கடைசியில் கோயில் வாசலில் ஒரு பெட்டி வைப்பார்கள், குடும்பங்கள் இறந்தவர்களின் பெயரைத் தாளில் எழுதிப் போடும், மாதம் முழுவதும் அந்தப் பெயர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கப்படும். பங்கின் பதிவேட்டில் ஞானஸ்நானத்துக்கு ஒரு புத்தகம், திருமணத்துக்கு ஒரு புத்தகம், மரணத்துக்கு ஒரு புத்தகம் இருக்கிறது. வட்டுவாகலில் மகனைக் கையளித்துவிட்டு இப்போது கொம்பனித்தெருவில் மகளோடு இருக்கும் ஓர் அம்மா, இந்தப் பெட்டிக்கு முன்னால் என்ன செய்வார்? அவனுடைய பெயரை எழுதிப் போட்டால் இறந்துவிட்டான் என்று ஒப்புக்கொண்டதாகும். எழுதாவிட்டால் அவனுக்காக எவரும் செபிக்கப் போவதில்லை. மரணச் சான்றிதழை ஏற்க மறுத்த குடும்பங்களுக்காக அரசே 2016 இல் 'காணாமைச் சான்றிதழ்' என்று ஒன்றைச் சட்டமாக்க வேண்டி வந்தது. அதையும் பலர் வாங்கவில்லை, நீதியின் இடத்தில் ஒரு கடதாசி எதற்கு என்று.

ஆமி, இயக்கம், அரசாங்கம் என்ற எதையும் தொடாமல், வாசலில் இரண்டாவது பெட்டி ஒன்று வைக்கலாம். பதிவேட்டு அலுமாரியில் நான்காவது புத்தகம் ஒன்று வைக்கலாம். அதற்கு என்ன பெயர் இடுவது, பூசையில் எந்த இடத்தில் அந்தப் பெயர்களை வாசிப்பது, வாசிப்பவர் யார் என்பதெல்லாம் அந்த அம்மா மேசையில் இருந்தால் அவரே சொல்லுவார். அடுத்த பங்குச் சபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் கட்டட நிதிக்கும் பெருநாள் கொடியேற்றத்துக்கும் நடுவில் இதற்கும் பத்து நிமிடம் ஒதுக்கலாம்.